தோட்டந்தோறும் சென்ற துன் சம்பந்தனார்

(கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இப்பகுதியின் பெருஞ்சாலை துன் வீ. தி. சம்பந்தனாரின் பெயர் தாங்கி நிற்கிறது. ஆயினும், அவர்தம் தொண்டை அறியத் தோட்டத்து மண்சாலைகளையே நாம் நாடவேண்டும்.

1919ஆம் ஆண்டு சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்ட உரிமையாளரின் மகனாகப் பிறந்தவர் அவர். 1955 முதல் அமைச்சராகப் பணியாற்றினார். விடுதலைக்குப்பின், வெள்ளையர் விற்ற தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. வேலை போயிற்று, அதனோடு குடியிருந்த லயத்து வீடும் போயிற்று.

தொழிலாளரே தோட்டங்களை வாங்குதல் வேண்டும் எனத் துணிந்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தோற்றுவித்தார். துணைவியார் தோ புவான் உமாசுந்தரியும் உடன்வர, தோட்டந்தோறும் சென்று பங்கு திரட்டினார். முதலாளியின் மகன் பால்வெட்டுத் தொழிலாளியின் வாசலில் நின்று நம்பிக்கையை வேண்டினார். மறு ஆண்டே கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று.

1979இல் அவர் மறைந்தார், சங்கம் நிலைத்திருக்கிறது. அன்பர்களே, உங்கள் பெற்றோரின் பங்குப் பத்திரம் பெட்டியடியில் இருக்கக்கூடும். அதனைத் தேடி எடுங்கள். வாரிசுப் பெயரைப் பதியுங்கள். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.