அடுப்படிக் கணக்கு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

எனக்கு மைக் புதுசு, தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

நான் எங்க ஊர் தொடக்கப் பள்ளியில் காலை உணவு சமைக்கிறேன். நாலரைக்கு எழுந்து ஓடணும். எட்டேகாலுக்குப் பிள்ளைங்க தட்டோட உட்கார்ந்திடும். பொங்கல் அன்னைக்கு ஒரு பிள்ளைகூட லீவு போடாது.

இந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கியது. மறு வருஷம் ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் விரிவாக்கி, 31,008 பள்ளிகள் ஆனது. அந்த வருஷம் ஒதுக்கியது 404 கோடி.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-லேயே வந்தது. ஆனா பள்ளியில் சமைக்கிறவங்க வாங்குறதுக்குப் பேர் கூலி இல்ல, மதிப்பூதியம். பேர் மாறினதும் சட்டம் வாசல்லயே நின்னுடுது. மதிய உணவு சமைக்கிறவங்களுக்கு மத்திய அரசு 2009-ல் வச்சது மாசம் 1,000 ரூபாய், அதுவும் வருஷத்துல பத்து மாசம்தான். நம்ம மாநிலம் சத்துணவுக்காரங்களுக்குக் கூடச் சேர்த்துக் கொடுக்குது, அது வேற. நூறு நாள் வேலைக்கு 2025-ல் ஒரு நாள் கூலியே 336 ரூபாய்னு வச்சிருக்காங்க.

கூட்டிக் கொடுத்தா அரசாங்கத்துக்குக் கட்டுமான்னு கேப்பீங்க. குழு கணக்கு எழுதுற பழக்கத்துல போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கு ரெண்டு பேர்னு குத்துமதிப்பா வச்சா 62,016 பேர். ஆளுக்கு மாசம் ஆயிரம் கூட்டினா, பத்து மாசத்துக்கு 62 கோடி. சின்னத் தொகை இல்லதான். ஆனா 404-ல் இருந்து அதை எடுத்தா பருப்புலயும் காய்லயும்தான் கை வைக்கணும். அது வேண்டாம், கூலிக்குத் தனியா ஒதுக்கணும்.

உத்தரப் பிரதேசத்தில் பதினாலு வருஷம் ஆயிரம் ரூபாய்க்குச் சமைச்ச ஒரு அம்மாவை நிறுத்திட்டாங்க. அங்கே படிக்கிற பிள்ளையோட அம்மாவுக்குத்தான் முன்னுரிமைன்னு காரணம் சொன்னாங்க. அவங்க வழக்குல 2020 டிசம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், இது கொத்தடிமை வேலை மாதிரி, குறைந்தபட்சக் கூலி கொடுங்கன்னு சொல்லிடுச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு வயித்தைக் கலக்குச்சு. எங்களையும் சேர்க்கும்போதே, பிள்ளை இந்தப் பள்ளியில் படிக்கணும்னுதான் சொன்னாங்க. என் மக இப்ப அஞ்சாவது. ஜூன்ல ஆறாவதுக்குப் போயிடுவா. பாஸாயிட்டான்னு சந்தோஷப்படுறதா, என் வேலை போச்சேன்னு நினைக்கிறதா?

அதனால ரெண்டு விஷயத்தைத் தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லிக் கேக்குறேன். ஒண்ணு கூலி, இன்னொண்ணு இந்தப் பிள்ளை விதி. கையெழுத்துப் போட நான் முதல் ஆளா வரேன்.