எழுத்துக்கு முகம் தரும் கல்வி

மேல்நிலைப் பள்ளிகளில் வரைகலை வடிவமைப்பைத் தொழிற்கல்வியாகக் கற்பிக்க வேண்டும். அதை வெறும் மென்பொருள் பயிற்சியாகச் சுருக்கிவிடாமல், தமிழ் எழுத்தை மையமாக வைத்துக் கற்பிக்க வேண்டும். இதை வலியுறுத்தவே இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

சிவகாசியைப் பாருங்கள். 1922-இல் அந்த ஊரைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சகங்கள் எழுந்தன. பிறகு அந்த ஊர் அச்சடித்த காலண்டர்கள் நாடெங்கும் சுவரேறின. தொழில் வளருமிடத்தில் வடிவமைப்புக்கும் வேலை உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? இன்று மகளிர் குழு விற்கும் ஊறுகாய்ப் பாட்டிலுக்கும், மருத்துவமனையின் வழிகாட்டிப் பலகைக்கும் அந்த வேலை தேவைப்படுகிறது. அதைச் செய்யும் இளைஞர்களில் பலர் டிடிபி கடைகளில் பார்த்துப் பழகியவர்கள். அவர்களின் கை தேர்ந்திருக்கிறது. ஆனால் செய்வதன் காரணத்தைச் சொல்லித்தர ஆளில்லை. எடுத்துக்காட்டாக, திரை மூன்று நிற ஒளியால் ஒளிர்கிறது, அச்சோ நான்கு மைகளால் பதிகிறது; அதனால்தான் திரையில் பளிச்சிட்ட பச்சை தாளில் மங்குகிறது. தமிழில் ‘கி’ மேலே வளைகிறது, ‘கு’ கீழே இறங்குகிறது. வரிகளை நெருக்கினால் எழுத்தும் எழுத்தும் உரசும். நம் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இருபுறமும் சமன்செய்தால் நடுவில் வெற்றிடம் விழும். இவை வகுப்பறையில் கற்க வேண்டிய பாடங்கள்.

இளம் வயதிலேயே பிள்ளைகளை ஒரு தொழிலில் அடைத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கவலை. தொழிற்பிரிவு என்றாலே மதிப்பெண் குறைந்தவர்களின் இடம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. மொழியும் கணிதமும் குறையாமல், கல்லூரிக் கதவும் அடைபடாமல் பாடத்திட்டம் வகுத்தால் அந்தக் கவலை தீரும். 2010-இல் நாடு ஏற்ற ரூபாய்ச் சின்னத்தை வரைந்த உதயகுமார், கட்டடக்கலை படித்து வடிவமைப்புக்கு வந்தவர். துறைகளுக்கு நடுவே வழி திறந்திருந்ததால் வந்த பலன் அது. செலவு மிகுதி என்பார்கள்; இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் மூன்றும் விலையில்லா மென்பொருள்கள். செயற்கை நுண்ணறிவே படம் வரையும்போது பயிற்சி எதற்கு என்பார்கள். படம் பத்து நொடியில் வரலாம். அதில் எது சரி, எந்தத் தமிழ் எழுத்து சிதைந்திருக்கிறது, கண் மங்கிய முதியவருக்கு எந்த அளவில் அச்சிட வேண்டும் என்று தீர்மானிக்கப் பயின்ற கண் வேண்டும். கருவி பெருகப் பெருக அந்தக் கண்ணின் தேவையும் பெருகும்.

தமிழ்நாட்டில் மேல்நிலைத் தொழிற்கல்வி 1978-இலேயே தொடங்கிவிட்டது. கட்டமைப்பு புதிதல்ல, பாடத்தைப் புதுப்பிப்பதே நம் கடமை. அச்சகத்தாரே, உங்கள் கூடங்களை மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள். ஓவிய ஆசிரியர்களே, தமிழாசிரியர்களே, சேர்ந்து பாடம் நடத்துங்கள். பெற்றோரே, இந்தப் பிரிவைக் கேட்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.