அறப்பள்ளி மீனும் உயிர்த்தொழில் ஏழும்



நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, வல்வில் ஓரி ஆண்டதாகச் சங்க நூல்கள் புகழும் மலை. அதன்மீது தேவார வைப்புத்தலமாகிய அறப்பள்ளி விளங்குகின்றது. அறப்பளீசுவரர் திருக்கோயிலின் அருகே ஓடும் ஐயாறு, சிறிது தொலைவில் ஏறக்குறைய 300 அடி வீழ்ந்து ஆகாயகங்கை எனப் பெயர் பெறுகின்றது. அவ்வாற்று மீன்களுக்கு அடியார்கள் உணவிட்டு வணங்குவர். அறுபட்ட மீனைப் பொருந்தச் செய்து மீண்டும் நீந்தவிட்டான் இறைவன் என்பது தலவரலாறு.

சிறு மீனின்பால் இத்துணைக் கருணை எதன் பொருட்டு? அதுவும் ஓர் உயிர் என்பதே விடை.

உயிருள்ளதை உயிர்நூலார் ஏழு தொழில்களால் அறிவர். உண்ணல், உயிர்த்தல், கழித்தல், வளர்தல், அசைதல், உணர்தல், இனம்பெருக்கல் என்பன அவை. கொல்லிமலைப் பலாமரம் ஓரிடத்தே நிற்பதுதான். எனினும் அது வெயிலின் துணையால் தன் உணவைத் தானே ஆக்குகின்றது; இலையின் நுண்துளைகளால் உயிர்க்கின்றது; ஒளியை நாடி வளைகின்றது. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் எனத் தொல்காப்பியம் அன்றே வகுத்தது. செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியை அமைத்து, அவ்வுயிரின் நுண்ணிய அசைவை உலகம் காணச் செய்தார் ஜகதீச சந்திர போஸ் (1858–1937).

மீனும் இவ்வேழு தொழிலும் உடையது. அவற்றுள் அதற்கு அரியது உயிர்த்தலே. ஒரு லிட்டர் காற்றில் பிராணவாயு 200 மில்லி லிட்டருக்கு மேல் உண்டு; ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருப்பதோ 10 மில்லி லிட்டருக்கும் குறைவு. அச்சிறு அளவையே மீன் செவுளால் வடித்தெடுத்து வாழ்கின்றது. தன் கழிவாகிய அம்மோனியாவைப் பெரும்பாலும் அச்செவுள் வழியே நீரில் விடுகின்றது. நீரே அதற்குக் காற்றும் வீடும் ஆகின்றது.

இனி, அன்பர்கள் சிந்திக்க வேண்டுவது ஒன்றுண்டு. உயிர்களுக்கு இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என நான்கினை அருளினான் என்பது சைவ சித்தாந்தம். மீனுக்கு உடம்பு தனு, அறிகருவிகள் கரணம், நீர்நிலை புவனம், உணவு போகம். பொரியும் சோறும் இடுவோர் போகத்தை வழங்குகின்றனர். அளவிறந்து இடும்போதோ புவனத்தைக் கெடுக்கின்றனர்.

எவ்வாறெனின், மீன் உண்டு எஞ்சிய சோறு நீரில் அழுகுகின்றது. அழுகல் என்பது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களின் உண்ணலும் உயிர்த்தலுமேயாம். அவை பல்கிப் பெருகி நீரிலுள்ள பிராணவாயுவைத் தாமே கவர்ந்துகொள்ளும். மீன் நீரின் மேற்பரப்பில் வாய்திறந்து தவிக்கும், பின்னர் மாளும். பசி தீர்க்க இட்ட கையே மூச்சை அடைத்ததாய் முடியும். பாறைகளில் மோதி ஓடும் ஐயாறு காற்றோடு கலந்து ஓரளவு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். தேங்கிய திருக்குளத்திற்கு அவ்வாற்றல் குறைவு. அதன்மேல் சோப்பும், எண்ணெயும், பிளாஸ்டிக் பையும் சேருமாயின் சொல்லவும் வேண்டுமோ!

ஆதலின், மீனுக்கு இடுவோர் அது உடனே உண்ணும் அளவே இடுக. கோபுரத்திற்கும் விமானத்திற்கும் பொருள் ஈந்த புண்ணியர், திருக்குளத்தின் சேற்றை அகற்றவும், மழைநீர் வரும் கால்வாயைச் செப்பனிடவும் ஒரு பங்கு ஈவாராக. கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படாத திருப்பணியாயினும், அது பல்லாயிரம் உயிர்களின் மூச்சைக் காக்கும்.

குடமுழுக்கின்போது கலாகர்ஷணம் செய்து இறைவனது அருட்கலைகளைக் கும்பநீரில் எழுந்தருளச் செய்கின்றனர். அந்நீரே திருமேனியில் சொரியப்படுகின்றது. இறைவன் எழுந்தருளுதற்கு இசைந்த பொருள் நீர். கும்பத்தின் நீரைப் போற்றுவோர் குளத்தின் நீரையும் போற்றுதல் முறை. அங்கே மூச்செடுக்கும் சிறு மீனும் அவனுடைய அடிமையே.

திருச்சிற்றம்பலம்.