கையை நீட்டினா வண்டி நின்ன காலம்



"வழியில் போகிற வண்டியில் லிஃப்ட் கேட்கிற பழக்கம் நம்மிடையே அருகிப்போகக் காரணம் அச்சமா, வசதியா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி, அச்சம்தான் என்று அடித்துப் பேசிவிட்டுப் போனார். முன்பின் தெரியாதவனை எப்படி நம்புறது, கழுத்துச் சங்கிலி என்னாகும், பேப்பரைப் பிரிச்சாலே பதறுது... அவர் பேச்சைக் கேட்டு, இன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேரப் போறோம்னு எனக்கே கவலை வந்திருச்சு. (சிரிப்பு)

அம்மா, ஒரே ஒரு கேள்வி. இந்த அரங்கத்துக்கு நீங்க எப்படி வந்தீங்க? வாசல்ல நான் நின்னுக்கிட்டிருந்தேன். பைக் டாக்சியில வந்து இறங்கினீங்க. அந்தத் தம்பி யாரு? உங்க சித்தப்பா மகனா? (சிரிப்பு, கைதட்டல்) போன்ல பேரு வந்துச்சு, வண்டி நம்பர் வந்துச்சு; ஒத்துக்கிறேன். ஆனா ஆள் புது ஆள்தானே? தெரியாத ஆள் பின்னால ஏறி உட்கார இன்றைக்கு ஊரே தயாராக இருக்கிறது. காசைக் கொடுத்து ஏறினால் பயம் இல்லை. கேட்டு ஏறினால் மட்டும் பயம் வந்துவிடுமா? பயத்துக்கு அவ்வளவு கணக்குத் தெரியுமா நடுவர் அவர்களே?

பயம் அன்றைக்கு இல்லையா? இன்றைக்கு விட அதிகமாகவே இருந்தது. எங்கேயோ ஆற்றுப் பாலம் கட்டுறாங்க, பலி கொடுக்கப் பிள்ளை பிடிக்கிறவன் சாக்கோட அலையறான்னு சொல்லிச் சொல்லியே எங்க ஆத்தா எங்களை வளர்த்தாங்க. ராத்திரியில லாரின்னாலே எங்க ஊர்ல ஒரு பேயைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பாங்க. அப்படியும் ஏறினோம். ஏன்? கால் வலிச்சுது. அவ்வளவுதான்.

எனக்கு ஊர், எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசக்காட்டுக் கிராமம். 1976-லிருந்து மூன்று வருஷம் கோவில்பட்டியில் கல்லூரிப் படிப்பு. ஊருக்குள்ள காலையில ஒரு பஸ் வரும், சாயங்காலம் ஒரு பஸ் வரும். அதுவும் மழை பெய்ஞ்சு கரிசல் இளகிட்டா வராது. பஸ்ஸை விட்டால் மெயின் ரோட்டில் நின்று கையை நீட்ட வேண்டியதுதான்.

இந்தக் கை நீட்டுறதிலே ஒரு விஷயம் இருக்கு. சினிமாவிலே வெள்ளைக்காரன் கட்டைவிரலைக் காட்டுவான், கார் நிற்கும். நம்ம ஊர்ல லாரிக்காரருக்குக் கட்டைவிரலைக் காட்டிப் பாருங்க. 'உனக்கு ஒண்ணும் கிடையாது போ'ன்னு பழிப்புக் காட்டுறதா நினைச்சு, இறங்கி வந்து அடிப்பார். (சிரிப்பு) நாம கையை முன்னால நீட்டி, உள்ளங்கையைக் கீழே வெச்சு, மெதுவா ஆட்டணும். நிற்கிற இடமும் முக்கியம். மேடு ஏறுகிற இடம், டீக்கடை, செக்போஸ்ட். எல்லாத்தையும் விடச் சிறந்த இடம் ரயில்வே கேட்! கேட்டைப் பூட்டிட்டான்னா வரிசையா பத்து வண்டி நிக்கும். ஒவ்வொரு வண்டியா நடந்துபோய், "அண்ணே, எட்டயபுரம் வரைக்கும்ணே"ன்னு முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். முகத்தைப் பார்த்துக் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மனுஷனுக்குக் கஷ்டம். இன்றைக்கு ரயில்வே கேட் இருந்த இடத்தில் எல்லாம் மேம்பாலம். பாலத்து மேலே நின்னு யாரைக் கேட்கிறது?

தூத்துக்குடியிலிருந்து உப்பு லாரி வரும். கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி லாரி போகும். சுற்றுவட்டாரம் பூரா பருத்தி. லோடைப் பார்த்து ஏறக் கத்துக்கணும். தீப்பெட்டி லோடுல ஏறினா மறந்தும் பீடி பத்த வைக்கக் கூடாது. உப்பு லோடுல ஏறினா கால்ல புண் இருக்கக் கூடாது. (சிரிப்பு) பருத்தி லோடு மேல இடம் கிடைச்சுதுன்னா அன்னைக்கு நாம எட்டயபுரம் ஜமீன்தார். (கைதட்டல்)

எல்லாம் தர்மத்துக்கு என்று நான் சொல்லவில்லை. பாதிப் பேர் காசு கேட்பார்கள். பஸ் கட்டணத்தில் பாதி. மீதிப் பேர் காசு கேட்கமாட்டார்கள், வேறொன்று கேட்பார்கள். அதுதான் இந்த வழக்குக்கு முக்கியமான சாட்சி.

1979. மதுரையில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு. முடிஞ்சு, தெரிஞ்சவங்க வீட்டுக்குப் போய்ட்டுத் திருமங்கலம் வந்து சேர்றப்போ ராத்திரி பத்தரை. பஸ் ஒண்ணும் நிக்கலை. டீக்கடையில ஒரு லாரி. சங்ககிரியிலிருந்து நாகர்கோவிலுக்குச் சிமெண்ட் லோடு. கோவில்பட்டி வழியாகத்தானே போகணும்? கேட்டேன். டிரைவர் கொங்குநாட்டுக்காரர். மேலயும் கீழயும் பார்த்தார். "ஏறிக்க கண்ணு. காசெல்லாம் வேண்டாம். கிளீனர் பையனுக்குக் காய்ச்சல், பின்னாடி படுத்துக் கிடக்கறான். ரெண்டு ராத்திரியா எனக்குத் தூக்கமில்லை. பேச்சுத் தொணைக்கு வா. நீ தூங்குனீன்னா அங்கயே எறக்கி உட்டுருவேன்" என்றார். (சிரிப்பு)

எண்பது கிலோமீட்டர். கள்ளிக்குடி வரைக்கும் அவர் பேசினார். பொண்ணு பொறந்து எட்டு மாசம், ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன், என்னைக் கண்டா அழறான்னு சொன்னார். விருதுநகர் வரைக்கும் நான் எங்க ஊர் கதை எல்லாம் சொன்னேன். சாத்தூர்ல எனக்குப் பேச்சுத் தீர்ந்துபோச்சு. அவர் தலை லேசா ஆடுது! எனக்கு உயிர் பயம். என்ன செய்யறது? நேர்முகத் தேர்வுக்கு மனப்பாடம் பண்ணிட்டுப் போன பொது அறிவை எடுத்து விட்டேன். "அண்ணே, சுதந்திர இந்தியாவோட கடைசி கவர்னர் ஜெனரல் யாரு தெரியுமாண்ணே?" "யாரு கண்ணு?" "ராஜாஜிண்ணே!" "அடேங்கப்பா!" (சிரிப்பு) அன்னைக்குக் காலையில அதிகாரிங்க கேட்காத கேள்விக்கெல்லாம் அந்த லாரியில பதில் சொன்னேன். வேலை கிடைக்கலை, வீடு கிடைச்சுது. (பலத்த கைதட்டல்) கோவில்பட்டியில இறக்கிவிட்டப்போ ரெண்டு ரூபாயை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். "நீ பேசலைன்னா நான் இந்நேரம் பள்ளத்துல கெடப்பேன்" என்றார்.

நடுவர் அவர்களே, எனக்கு வண்டி தேவை. அவருக்குக் குரல் தேவை. இரண்டு தேவையும் சேர்ந்ததால்தான் லாரி நின்றது. இன்றைக்கு எனக்கு வண்டி இருக்கிறது. அவர் காதில் போன் இருக்கிறது. சங்ககிரியில் இருக்கிற மகளோடு பேரப்பிள்ளை வரைக்கும் பேசிக்கொண்டே நாகர்கோவில் போகிறார். நல்லா பேசட்டும், சந்தோஷம். ஆனால் ரோட்டில் நிற்கிற என்னை அவர் ஏன் ஏற்றப் போகிறார்? இதில் அச்சம் எங்கே வந்தது?

வசதி எப்படி வந்தது என்று பாருங்கள். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100. அப்புறம் மினி பஸ், ஷேர் ஆட்டோ, தவணையில் வண்டி. வாத்தியார் வீட்டு வாசலில் ஒன்று, பால்காரர் வீட்டில் ஒன்று என்று இருந்தது போய், வீட்டுக்கு ரெண்டு. ரோடும் மாறிப்போச்சு. நான் கை நீட்டிய காலத்தில் லாரி ஊருக்குள்ள வந்து, கடைவீதியில் உரசிக்கிட்டுப் போகும். நான்குவழிச் சாலை வந்ததும் ஊரைச் சுத்திக்கிட்டுப் பறக்குது. அந்த வேகத்தில் வருகிற வண்டியைக் கை காட்டி நிறுத்தினால் பின்னால் வருகிறவன் மோதுவான்.

என் கட்சியை நிரூபிக்க ரெண்டே ரெண்டு வெளிநாடு. போலந்தில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து லிஃப்ட் கேட்கிறவர்களுக்கென்று ஒரு கூப்பன் புத்தகமே உண்டு. ஏற்றிக்கொண்ட டிரைவருக்குத் தூரத்துக்குத் தகுந்தபடி கூப்பனைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். நிறையக் கூப்பன் சேர்த்த டிரைவருக்குப் பரிசு! 1989-ல் அங்கே ஆட்சிமுறை மாறி, சொந்தக் கார் பெருகிச்சு. 90-களின் நடுவில் அந்தக் கூப்பன் புத்தகம் காணாமப் போச்சு. கியூபாவில் நேர்மாறு. 1991-ல் சோவியத் யூனியன் உடைஞ்சதும் பெட்ரோல் வரத்துச் சுருங்கிப் பஸ் படுத்துப் போச்சு. அரசாங்கம் என்ன செய்தது? மஞ்சள் உடுப்பு போட்ட ஆட்களை ரோட்டில் நிறுத்தியது. காலி இடத்தோட வருகிற அரசு வண்டியை அவர் நிறுத்துவார். வரிசையில் நிற்கிறவர்களை ஏற்றிவிடுவார். மஞ்சள்காரர் என்றே அவருக்குப் பெயர். வசதி வந்த இடத்தில் லிஃப்ட் போனது. வசதி போன இடத்தில் லிஃப்ட் திரும்பி வந்தது. கியூபாக்காரனுக்கு ஒரே ராத்திரியில் தைரியம் வந்துவிட்டதா என்ன? (கைதட்டல்)

சகோதரி பெண்களைப் பற்றிச் சொன்னார். அதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பெண்ணுக்குள்ள அச்சம் நிஜம். ஆனால் அம்மா, அந்தக் காலத்திலும் தனியாக ஒரு பெண் ரோட்டில் நின்று லாரிக்குக் கை நீட்டியதை நான் பார்த்ததில்லை. என் அக்கா நின்றதில்லை. பஸ் தவறினால் ஊர்க்காரர் மாட்டுவண்டி வருமா என்று காத்திருந்தாள். வராத அன்றைக்குப் படிப்புக்கு மட்டம். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றதற்கு அந்த ரோடும் ஒரு காரணம். ஆகவே பெண்களைப் பொறுத்தவரை போய்விட்டதாகச் சொல்ல அந்தப் பழக்கமே இருந்ததில்லை. அக்கா பேத்தி பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் போனாள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும் அவள் அம்மா மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய் வருகிறாள். இதுவும் வசதிதான். இந்த வசதி வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. லிஃப்ட் கிடைத்த சுகத்தைப் பேசுகிற ஆம்பிளைகள் எல்லாம், அக்காள் தங்கைகள் அன்றைக்கு எங்கே நின்றார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். (கைதட்டல்)

எதிரணிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன், எழுதிக்கொள்ளட்டும். வண்டி முதலாளிக்கு ஒரு பயம் இருக்கிறது. சரக்கு லாரியில் சும்மா ஏறிப் போகிறவருக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முதலாளிதான் கைக்காசைக் கொடுக்கணும். 'ஆளை ஏத்தினே, சீட்டைக் கிழிச்சிருவேன்'னு அவர் டிரைவரிடம் சொன்னால் அது நியாயம். லோடு மேலே குவிஞ்சு உட்கார்ந்து போய்ச் செத்தவங்க எத்தனையோ பேர். அதை நான் மறுபடி வரச் சொல்லவில்லை.

நான் கேட்பது காரைப் பற்றி. அஞ்சு பேர் உட்காருகிற கார். சிக்னலில் நின்று பாருங்கள். பாதிக் காரில் ஒரே ஆள், கண்ணாடி ஏற்றிவிட்டு. இவருக்கு என்ன அச்சம்? வெளியே ஒருத்தர் நிற்கிறதே இவருக்குத் தெரியவில்லை. என்றைக்காவது வண்டி இல்லாமல் நின்றிருந்தால் தெரியும். இவர் பிள்ளை ஒருநாளும் நின்றதில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்?

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். விளக்கு வைக்கிற நேரம். எட்டயபுரம் ரோட்டில் ஒரு பெரியவர், எழுபது வயசுக்கு மேலே இருக்கும், மருந்துப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டுகிறார். அதே மாதிரி, உள்ளங்கையைக் கீழே வெச்சு. எதிர்ப்பக்க டீக்கடையில் நான். பத்துப் பதினைஞ்சு கார் போயிருக்கும். ஒண்ணும் நிக்கலை. பைக்குகள் போச்சு, நிக்கலை. பெரியவர் கையை மடக்கவே இல்லை. நான் டீயை வெச்சுட்டு ரோட்டைத் தாண்டுறேன். அதுக்குள்ள ஒரு பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வந்து நின்னுச்சு. பின்னால ரெண்டு பக்கமும் நொங்குக் கூடை. உட்கார இடமே இல்லை. அந்த ஆள் இறங்கி, ஒரு கூடையை அவிழ்த்து முன்னால வெச்சுக்கிட்டு, பெரியவரை ஏத்தினார். "ஏறும்யா, எந்த ஊரு உமக்கு?"

ஊரைக் கேட்டது ஏற்றின பிறகுதான்.

மணி அடிச்சிட்டீங்க நடுவர் அவர்களே. (பலத்த கைதட்டல்)