அருளுக்குச் செவிலித்தாய்



தாய் தந்தையர்க்கும், தோழர்க்கும், ஆசிரியர்க்கும் நாம் செய்யும் உதவியை உலகம் போற்றுகின்றது. போற்றத் தக்கதே. ஆயினும் அவ்வுதவியில் கடன் என்பதும் சிறிது கலந்திருக்கின்றது. முன்னே பெற்றதைத் திருப்பித் தருகிறோம். அல்லது பின்னே பெறப்போவதை எண்ணித் தருகிறோம். முன்பின் அறியாத ஒருவருக்கு, இனி வாழ்நாளில் காணப்போகாத ஒருவருக்குச் செய்யும் சிற்றுதவி அத்தகையதன்று. அதில் வரவும் இல்லை, வட்டியும் இல்லை. அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

திருக்குறளில் அன்புடைமை என ஓர் அதிகாரமும், அருளுடைமை என வேறோர் அதிகாரமும் உள்ளன. இரண்டும் ஒன்றுதானே என்று மாணவர் கேட்பதுண்டு. ஒன்றல்ல. தொடர்புடையாரிடம் செல்வது அன்பு; தொடர்பு நோக்காமல் எல்லா உயிர்களிடத்தும் செல்லும் இரக்கம் அருள் எனப் பரிமேலழகர் வேறுபடுத்திக் காட்டுவார். பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் ஓர் அழகிய உருவகம் செய்துள்ளார். அருளாகிய குழந்தையைப் பெற்ற தாய் அன்பு; அதனை வளர்க்கும் செவிலித்தாய் செல்வம் என்பது அதன் கருத்து. குளம் வெட்டவும், அறச்சாலை அமைக்கவும் செல்வம் வேண்டும், ஐயமில்லை. ஆனால் தெருவில் நாம் செய்யும் சிற்றுதவிக்குக் காசு வேண்டியதில்லை. அவ்வாறாயின் அங்கே அக்குழந்தையை வளர்க்கும் செவிலி யார்? என் விடையைச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டின் பழைய பெருவழிகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் சில இடங்களில் காணலாம். நட்டுவைத்த கற்கள் இரண்டு, அவற்றின்மேல் கிடத்திய கல் ஒன்று, அவ்வளவே. தலைச்சுமையோடு தனியே நடப்பவன் சுமையைத் தரையில் இறக்கிவிட்டால், மீண்டும் தூக்கிவிட ஆள் வேண்டும். ஏறக்குறையத் தோளளவு உயரத்தில் ஒரு கல் இருப்பின், பிறர் துணையின்றி இறக்கலாம்; இளைப்பாறலாம்; மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக இக்கற்களை நாட்டும் வழக்கம் இருந்தது. தம் வீட்டுத் துயரத்தை, முகமறியா வழிப்போக்கனின் இளைப்பாறலாக மாற்றிய மக்கள் நம் முன்னோர்.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் வாழ்வோருக்கு முன்பின் அறியாதவர் நாள்தோறும் எதிர்ப்படுகின்றனர். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்த நாள்முதல் பல ஊர் மக்கள் இங்கே வந்து குடியேறினர். இப்பொழுது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். பேருந்தின் நெற்றியில் எழுதியுள்ள தமிழை அவர்களால் படிக்க இயலாது. ‘இதுதான் உங்கள் வண்டி, ஏறுங்கள்’ என்று ஒருவர் கைகாட்டினால் அரைமணி நேர அலைச்சல் தீரும். புகைவண்டி நிலையப் படிக்கட்டின் அடியில் மூட்டையோடு திகைத்து நிற்கும் மூதாட்டிக்கு, மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை கிடைத்தால் போதும். அந்தக் கைதான் இக்காலத்துச் சுமைதாங்கி.

பின், அந்தக் கை பல வேளைகளில் ஏன் நீளுவதில்லை? மனிதர் மனம் கல்லாகிவிட்டதா? நான் அவ்வாறு கருதவில்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் சமயக்கல்வி பயின்ற மாணவர் நாற்பதின்மரைக் கொண்டு டார்லி, பேட்சன் என்னும் உளநூல் அறிஞர் இருவர் ஓர் ஆய்வு நடத்தி, 1973ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குச் சென்று பேச வேண்டும். வழியில் ஒருவன் தலை கவிழ்ந்து, இருமி முனகிக் கிடப்பான். அவன் ஆய்வாளர் ஏற்பாடு செய்த ஆள் என்பதை மாணவர் அறியார். நேரம் மிகுதியாக இருந்தவருள் நூற்றுக்கு 63 பேர் என்னும் விகிதத்தில் உதவினர். சிறிது விரைவில் இருந்தவருள் அது 45 ஆயிற்று. ‘தாமதமாகிவிட்டது, ஓடுங்கள்’ என்று சொல்லப்பட்டவருள் 10 ஆகக் குறைந்தது. அம்மாணவருள் ஒரு பகுதியினர் பேசவிருந்த பொருள் யாது தெரியுமா? வழியில் அடிபட்டுக் கிடந்த அயலானுக்கு இரங்கி உதவிய நல்ல சமாரியனைப் பற்றிய விவிலியக் கதை! அதனாலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு விளையவில்லை.

அவர்கள் தீயவர் அல்லர், அவசரத்தில் இருந்தவர். இதன் மறுபக்கத்தை நாமே கண்டோம். 2015 டிசம்பரில் பெருமழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் சேர்ந்து அடையாற்றில் வெள்ளம் புரண்டது. அலுவலகங்களும் கல்விச்சாலைகளும் மூடப்பட்டன. அந்நாட்களில் மீனவர் தம் படகுகளோடு வந்தனர்; பெயர் அறியாதவர் பெயர் அறியாதவருக்கு உணவுப் பொட்டலம் கட்டினர். வெள்ளத்துக்கு முன்னும் இருந்தவர் அதே மக்கள்தாம். வழக்கமான ஓட்டம் நின்றது. உள்ளே இருந்த அருள் வெளிப்பட்டது. ஆதலால் சிற்றுதவிக்குச் செவிலித்தாய் நேரமே என்பேன்.

அவசரத்துக்கு அடுத்த பகை அச்சம். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் ஒருவர் வாகனத்தில் அடிபட்டு விழுகிறார் என்று கொள்வோம். கூட்டம் சூழ்கின்றது, தொடுவார் இல்லை. காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேருமோ என்ற தயக்கம். அங்கே ஓர் உயிர் நிமிடக் கணக்கில் கரைந்துகொண்டிருக்கிறது. இத்தயக்கத்துக்கு இன்று அடிப்படை இல்லை. விபத்தில் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை தந்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் நல்லெண்ணத்தோடு உதவியவருக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. தம் பெயரைச் சொல்லுமாறும் அவரைக் கட்டாயப்படுத்தலாகாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், விபத்துக்கு ஆளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வரையறைக்கு உட்பட்டு வழிசெய்கின்றது. 2008 முதல் 108 என்னும் எண் இருக்கின்றது. மருத்துவம் அறியாத மாணவரும் அந்த எண்ணை அழைத்து, இடத்தைத் தெளிவாகச் சொல்லி, ஊர்தி வரும்வரை அருகில் நிற்கலாம். ‘யாராவது அழைத்திருப்பார்’ என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். எல்லாரும் அவ்வாறே எண்ணிவிட்டால் அழைத்தவர் எவரும் இரார்.

நேரமும் துணிவும் இருப்பினும், முறை தெரியாவிடில் உதவி துன்பமாகும். பூவிருந்தவல்லியில் பார்வைக் குறையுடைய மாணவர்க்கான அரசுப் பள்ளி உள்ளது. வெள்ளைக் கோலோடு நிற்பவரைக் கண்டதும் கையைப் பற்றி இழுத்துச் சாலையைக் கடத்திவிடுவோர் உண்டு. அவரோ இப்பக்கத்திலேயே பேருந்துக்குக் காத்திருந்தவராக இருக்கலாம்! முதலில் கேளுங்கள்: ‘நான் உதவலாமா?’ வேண்டாம் என்றால் மதித்து விலகுங்கள். வேண்டும் என்றால், அவர் கையை நீங்கள் பற்றாமல், உங்கள் முழங்கைக்கு மேற்புறத்தை அவர் பற்றிக்கொள்ளச் செய்யுங்கள். அரையடி முன்னே நடங்கள். படி வந்தால் சொல்லுங்கள். பிரியும்போது சொல்லிக்கொண்டு பிரியுங்கள். உதவி பெறுபவரின் மானம் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள். அதில் கீறல் விழலாகாது.

நிறைவாக ஒன்று சொல்வேன். பெரிய உறுதிமொழி எதனையும் நான் கேட்கவில்லை. நாளை காலை, வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாக வீட்டைவிட்டுப் புறப்படுங்கள். அந்தப் பத்து நிமிடம் உங்களுடையது அன்று. வழியில் நீங்கள் காணப்போகும் யாரோ ஒருவருக்கு உரியது. அப்படி ஒருவரும் எதிர்ப்படாத நாளில், வகுப்பில் முதல் ஆளாகச் சென்று அமர்ந்திருப்பீர்கள். அதனாலும் நட்டம் ஒன்றுமில்லை.