கடலும் கலப்பையும்



இவ்வூர் விவசாய மாணவர்கள் கூட்டமாக அன்னிய நாடு சென்று பண்ணைகளைப் பார்த்துவரப் போகிறார்கள் என்பதற்காக இன்று கூடியிருக்கிறோம். சந்தோஷமே. ஆனால் இங்கு வந்தபின் இரண்டு சங்கதி கேள்விப்பட்டோம். ஒன்று, வீட்டார்கள் பிரயாணத்திற்கு நல்ல நாள் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். மற்றொன்று, கூட வாசிக்கும் பெண்களை மாத்திரம் அனுப்பச் சம்மதிக்கவில்லையாம். ஆகவே வெறும் வாழ்த்துக் கூறிவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை.

நம் சாஸ்திரம் என்ன சொல்லுகிறது? கடற்பிரயாணம் செய்தவன் ஜாதி கெட்டவன் என்கிறது போதாயன தர்ம சூத்திரம். கலப்பையின் இரும்பு முனை பூமியையும் அதிலுள்ள ஜீவன்களையும் இம்சிப்பதால் உழவு இகழப்பட்ட தொழில் என்கிறது மனுவின் பத்தாவது அத்தியாயம். கடலும் கூடாது, கலப்பையும் கூடாது. ஆனால் உழுதவன் விளைவித்த நெல் மாத்திரம் கூடும்! இதல்லவா தர்மம்!

ஜப்பானியரும் ஒரு காலத்தில் இப்படிக் கட்டுண்டு கிடந்தவர்களே. உத்தரவின்றி நாட்டைவிட்டுப் போனால் மரண தண்டனை. 1863-ல் இங்கிலீஷ் கப்பல்கள் சத்சுமா சிற்றரசின் ககோஷிமா நகரைச் சுட்டு எரித்தன. அச்சிற்றரசார் யாகமா செய்தார்கள்? அடித்தவனிடமே வித்தை கற்க, 1865-ல் 15 மாணவர்களையும் 4 பெரியவர்களையும் பொய்ப்பெயரில் இரகசியமாக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வாள் பிடிக்கும் குலத்தவர்கள் குடுமியை அறுத்துக்கொண்டு கப்பலேறினார்கள். அவ்வருஷமே பெட்போர்டு நகரில் கலப்பை செய்யும் ஹோவர்டு தொழிற்சாலையைப் போய்ப் பார்த்தார்கள். கலப்பையைப் பார்ப்பது குலத்துக்கு இழிவென்று நினைக்கவில்லை.

பலன் என்ன? கூடச் சென்ற பெரியவர் வாங்கிய யந்திரங்களால் 1867-ல் ககோஷிமாவில் நூற்பாலை ஓடிற்று. 13 வயதில் போன நாகசாவா பின்னர் கலிபோர்னியாவில் பெரிய திராட்சைத் தோட்டக்காரரானார். மோரி அரினோரி 1885-ல் முதல் கல்வி மந்திரியானார். ஆனால் இசே கோவிலில் மரியாதைக் குறைவாக நடந்தார் என்ற பழியால் 1889-ல் ஒரு மதவெறியனால் குத்திக் கொல்லப்பட்டார். மூடநம்பிக்கை எங்கும் விலை கேட்கிறது, தோழர்களே!

பெண்கள் விஷயம்? 1871-ல் அதே ஜப்பான் ஐந்து பெண்களை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிற்று. அவர்களில் சிறியவளான சுதா உமேகோவுக்கு வயது 6. அவரே 1900-ல் டோக்கியோவில் பெண்களுக்குக் கல்விச்சாலை கண்டார். நாற்று நடுவது பெண், களை பறிப்பது பெண். பண்ணை பார்க்கப் போவது மாத்திரம் ஆணா? இது எந்த ஊர் நியாயம்?

நல்ல நாளுக்கும் ஒரு வார்த்தை. ராகுகாலத்தில் கிளம்பும் ஆகாய விமானங்கள் தினமும் எத்தனை! அவையெல்லாம் விழுந்துவிடுகின்றனவா?

மாணவர்களே! அங்கே யந்திரத்தை மாத்திரம் பார்க்காதீர்கள். பண்ணையாளுக்குக் கூலி என்ன, அவன் எஜமானனோடு ஒரே மேஜையில் உட்காருகிறானா என்றும் கேளுங்கள். திரும்பிவந்து சர்டிபிகேட்டைச் சுவரில் மாட்டிவிட்டு நாற்காலி உத்தியோகம் தேடாமல், சேற்றில் இறங்குங்கள். சேற்றில் நிற்பவனைச் சமமாக நடத்துங்கள்.

பெற்றோர்களே! பஞ்சாங்கத்தை மூடுங்கள், பெண்களுக்குக் கதவைத் திறவுங்கள். இவ்வளவே நமது வேண்டுகோள்.