மார்ஜின் என்னும் சொல்
(அறக்கட்டளையின் விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் பங்குச் சந்தையைப் பற்றிப் பேசுவது தகுமா என்ற ஐயம் எனக்கே இருந்தது. ஆயினும் நம் இல்லங்களிலும் டீமேட் கணக்குகள் வந்துவிட்டன. ஆகவே, தரகர்கள் நாள்தோறும் வழங்கும் ‘மார்ஜின்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கடை வைத்திருப்பவருக்கு மார்ஜின் என்றால் இலாபம். 100 ரூபாய்க்கு வாங்கியதை 110 ரூபாய்க்கு விற்றால் 10 ரூபாய் மார்ஜின் என்பார். வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கோ, அது கடன் வாங்குபவர் தம் பங்காக ஏற்கவேண்டிய தொகை. 1 லட்சம் ரூபாய் பெறுமான நகைக்கு 75,000 கடன் கொடுத்தால், மீதி 25,000 மார்ஜின். பங்குத் தரகரிடம் அதே சொல் பிணையைக் குறிக்கும். நமக்கு இழப்பு நேர்ந்தால் அதை ஈடுகட்ட முன்கூட்டியே பிடித்து வைக்கப்படுவது அது.

என் உறவினர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். கடைக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். பேத்தியின் படிப்புக்கென்று இருபது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக வாங்கிய பங்குகள் அவரிடம் இருந்தன. அவற்றில் 5 லட்சம் ரூபாய் பெறுமானமுள்ளவற்றைத் தரகரிடம் ஈடு வைத்தார். ஈட்டுப் பங்கின் விலை இறங்கக்கூடும் என்பதால் அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்தே கணக்கிடுவர். இக்கழிவுக்குத் தரகர்கள் இட்ட பெயர் ‘ஹேர்கட்’, முடிதிருத்துவோர் கோபிக்கலாம்! கழிவு போக, ‘மார்ஜின் 4 லட்சம்’ என்று செல்பேசித் திரையில் தோன்றியது. அவர் அதைத் தமக்குக் கிடைத்த பணம் என்றே கருதிவிட்டார்.

அதைக்கொண்டு பியூச்சர்ஸ் எனப்படும் முன்பேர ஒப்பந்தங்களில் இறங்கினார். ஒப்பந்தம் ஒன்றின் பெறுமானம் 10 லட்சம். அதற்குப் பிடித்த மார்ஜின் 2 லட்சம். இரண்டு ஒப்பந்தங்கள் எடுத்தார். அதாவது, 4 லட்சத்தை வைத்து 20 லட்சத்தின் ஏற்ற இறக்கத்தைத் தோளில் சுமந்தார். சில நாள்களில் விலை 8 விழுக்காடு சரிந்தது. கேட்பதற்குச் சிறிய சரிவுதான். ஆனால் இழப்பு 20 லட்சத்தின்மேல் கணக்கிடப்பட்டது: 1,60,000 ரூபாய். இவ்விழப்பு அன்றன்றே தீர்க்கப்படும், பணமாகவே செலுத்தவேண்டும். ‘மார்ஜின் குறைகிறது’ என்று வந்த செய்திகளை விளம்பரம் என்று எண்ணி அவர் ஒதுக்கிவிட்டார். தரகர் ஈட்டுப் பங்குகளை விற்றுக் கணக்கை நேர்செய்தார்.

“என்னைக் கேட்காமல் எப்படி விற்கலாம்?” என்று என்னிடம் வந்து குமுறினார். ஆவணங்களைப் படித்துப் பார்த்தேன். விற்கும் உரிமையை அவரே கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தார். தரகர்மீது பிழை காண இயலவில்லை. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

ஒரு பாதுகாப்பையும் சொல்லவேண்டும். முன்பெல்லாம் ஈட்டுப் பங்குகள் தரகரின் கணக்குக்கே மாற்றப்பட்டு வந்தன. அதனால் முறைகேடுகளும் நேர்ந்தன. 2020 செப்டம்பர் 1 முதல் செபியின் விதிப்படி அவை நம் டீமேட் கணக்கிலேயே இருக்கும். ஓடிபி வழியாக நாம் ஒப்புதல் தந்தால்தான் ஈடு செல்லும். இவ்விதி திருட்டைத் தடுக்கும். நாமே தரும் ஒப்புதலை எவ்வாறு தடுக்கும்?

2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் முன்பேர, விருப்ப ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களில் 100க்கு 93 பேர் இழப்பையே கண்டனர் என்று செபியின் ஆய்வு கூறுகிறது. அவர்களுள் எத்தனை பேர் பிணையை வரவு என்று படித்தார்களோ!

ஆதலால் தரகர் அனுப்பும் அறிக்கையில் ரொக்க இருப்பு எவ்வளவு, ஈட்டால் வந்த மார்ஜின் எவ்வளவு என்று தனித்தனியே பாருங்கள். வீட்டுப் பெண்களின் பெயரிலுள்ள கணக்காயின், ஓடிபி எதற்கு என்று அவர்கள் கேட்டறிந்த பின்னரே எண்ணைச் சொல்லட்டும்.

அறிக்கை வைத்திருப்போர் உணவுக்குப் பின் என்னிடம் காட்டலாம், மூக்குக்கண்ணாடி கொண்டுவந்திருக்கிறேன்.